நாம் குடியிருக்கும் ஐசலின்: மண்ணும் சனமும் தொழிலும்

சித்திரைப் புத்தாண்டு மலர் கையில் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது விட்டுவந்த ஊரின் கதையைத்தான். கோயில் திருவிழா, படித்த பள்ளிக்கூடம், கிணற்றடி, பனங்காய்ப் பணியாரம் எல்லாம் அதில் வரும். வரத்தான் வேணும். ஆனால் பத்து, இருபது, முப்பது வருசமாய் நாங்கள் வாடகை கட்டி, வேலை செய்து, பிள்ளை பெற்று வளர்க்கிற இந்த ஊரைப் பற்றியும் ஒரு சில பக்கம் எங்கட மொழியில் இருக்க வேண்டாமா? அந்த எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. கொடிகாமத்தில் கலைப்பிரிவில் ஏ.எல். வரைக்கும் படித்தவன். இப்ப பக்டறியில் வேலை செய்கிறவன். ஏ.எல்.லில் புவியியல் எனக்கு விருப்பமான பாடம். ஜப்பானின் நகோயாப் பக்கத்துக் கைத்தொழிற் பிரதேசத்தைப் படம் கீறிப் பாடமாக்கினோம். நெசவுத்தறி செய்த டொயோட்டா குடும்பம் எப்படி அங்கே மோட்டார் கார் செய்ய வந்தது என்பதெல்லாம் அப்ப மனப்பாடம். அமைவிடம், தரைத்தோற்றம், மூலப்பொருள், போக்குவரத்து, தொழிலாளர், சந்தை என்று தலைப்புப் போட்டால் எந்த ஊரையும் விளங்கிக்கொள்ளலாம் என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். அதே தலைப்புகளை ஐசலினுக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அமைவிடமும் தரையும்

முதலில் ஒன்று. ஐசலின் ஒரு தனி நகரமல்ல. இதற்கென்று மேயரும் இல்லை, நகரசபையும் இல்லை. நியூ ஜேர்சி மாநிலத்தின் மிடில்செக்ஸ் கவுண்டியில், வூட்பிரிட்ஜ் ரவுன்ஷிப்பின் ஒரு பகுதிதான் ஐசலின். எங்கட ஊர்க் கணக்கில் சொன்னால் பிரதேச சபைக்குள் அடங்கிய ஒரு குறிச்சி. கொலோனியா, அவெனல், போர்ட்ஸ், கீஸ்பி, செவாரன், போர்ட் றெடிங் என்பன இதே ரவுன்ஷிப்பின் மற்றக் குறிச்சிகள். ஐசலினின் பரப்பு சுமார் 3.2 சதுர மைல். 2010ம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கே 18,695 பேர் இருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆசிய வம்சாவளியினர். மேற்கே றோட்டைத் தாண்டினால் எடிசன் ரவுன்ஷிப். ஓக் ட்றீ றோட்டில் சாமான் வாங்கப் போகிற நாங்கள் ஒரு கடையில் வூட்பிரிட்ஜிலும் அடுத்த கடையில் எடிசனிலும் நிற்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. பொலிஸ் வேறு, பள்ளிக்கூட நிர்வாகம் வேறு, வரி வேறு. முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேணும்.

சுமார் 20,000 வருசத்துக்கு முன்னர் வடக்கிலிருந்து வந்த பனிப்பாறை இந்தப் பகுதியோடுதான் நின்றது. அது தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் பேர்த் அம்போய், மெட்டச்சன் பக்கமாக ஒரு மேட்டு வரிசையாய்க் கிடக்கிறது. அதுக்குக் கீழே அதைவிடப் பலமடங்கு பழைய களிமண் படுக்கை. இந்தக் களிமண்தான் இந்தப் பிரதேசத்தின் முதல் மூலப்பொருள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறென்று சொன்னால் றாவே ஆற்றின் தென்கிளை. மெரில் பார்க்கில் பிள்ளைகளோடு நடக்கிறவர்களுக்கு அது தெரியும். பார்க்கச் சின்ன வாய்க்கால்தான். ஆனால் மழை பெய்தால் குணம் மாறும். 2021ம் ஆண்டு செப்ரெம்பர் 1ந் திகதி இரவு ஐடா புயலின் மழையில் நியூ ஜேர்சியில் சுமார் 30 பேர் இறந்துபோனார்கள். காருக்குள்ளும் நிலக்கீழ் வீட்டுக்குள்ளும் வெள்ளத்தில் அகப்பட்டவர்களும் அதில் உண்டு. எங்கட சனத்தில் கன பேர் வாடகை குறைவென்று பேஸ்மென்ரில் இருக்கிறோம். வீடு எடுக்கேக்குள்ள ஆறு எவ்வளவு தூரம், வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கோ.

பெயர் வந்த கதை

இந்த நிலத்தின் பழைய குடிகள் லெனாப்பே மக்கள். எங்களுக்கு முன்னரே இந்த மண்ணிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் இன்று ஒக்லஹோமா மாநிலத்திலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் இருக்கிறார்கள். 1664ல் இங்கிலாந்துக்காரர் இந்தக் கரையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதற்கு 6 வருசத்துக்கு முன்னர், 1658ல், யாழ்ப்பாணத்தை அதே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்திருந்தார்கள். ஒரே காலம், ஒரே மாதிரிக் கப்பல்கள். 1669ம் ஆண்டு யூன் 1ந் திகதி வூட்பிரிட்ஜுக்குப் பட்டயம் கிடைத்தது. மசாசுசெற்ஸிலிருந்து வந்த குடியேற்றக்காரர் அங்கேயிருந்த ஜோன் வூட்பிரிட்ஜ் என்ற போதகரின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

அமெரிக்க சுதந்திரப் போரில் இந்தப் பக்கமும் இரத்தம் சிந்தியது. 1777ம் ஆண்டு யூன் 26ந் திகதி ஷோர்ட் ஹில்ஸ் சண்டை இன்றைய எடிசன், ஸ்கொட்ச் பிளேன்ஸ் பகுதியில் நடந்தது. மலையிலிருந்த வாஷிங்டனின் படையைச் சமவெளிக்கு இழுத்து வெட்டையில் வைத்து அடிப்பது ஹோ என்ற ஆங்கிலத் தளபதியின் திட்டம். ஸ்ரேர்லிங் பிரபு என்று அழைக்கப்பட்ட அமெரிக்கத் தளபதியின் ஆட்கள் இடையில் நின்று மறித்துச் சண்டை பிடித்தார்கள். அதற்குள் வாஷிங்டன் திரும்ப மலைக்கு ஏறிவிட்டார். சண்டையின் ஒரு பகுதி ஓக் ட்றீ என்ற சின்னக் கிராமத்தடியில் நடந்தது. இன்று நாங்கள் சேலையும் புளியும் வாங்குகிற றோட்டின் பெயர் அந்தக் கிராமத்தின் பெயர்தான்.

ஐசலின் முன்னர் யூனியன்ரவுன் என்று அழைக்கப்பட்டது. இன்றைய பெயர் ஏட்றியன் ஐசலின் என்ற நியூயோர்க் வங்கியாளருடையது. சுவிற்சர்லாந்து வழிவந்த வியாபாரக் குடும்பம். ரெயில்வேயிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் முதல் போட்டவர், 1905ல் காலமானார். பென்சில்வேனியாவிலும் சுரங்கத்தை ஒட்டி ஐசலின் என்ற பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஆக எங்கட ஊருக்குப் பெயர் வந்ததே ரெயிலும் காசும் ஓடிய வழியில்தான்.

பக்கத்துப் பேர்த் அம்போயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேணும். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தந்த 15வது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்த மறுநாள், 1870ம் ஆண்டு மார்ச் 31ந் திகதி, அந்தத் திருத்தத்தின் கீழ் முதல் வாக்குப் போட்டவர் தோமஸ் மண்டி பீற்றர்சன் என்ற பேர்த் அம்போய்க்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாளாக இருந்தவர். 1948ல் எங்கட மலையகச் சனத்தின் பிரஜாவுரிமை ஒரே சட்டத்தால் பறிபோனதைக் கேள்விப்பட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரு வாக்கின் விலை என்ன என்று சொல்லித்தரத் தேவையில்லை. இங்கே பிரஜாவுரிமை எடுத்தும் வாக்காளராய்ப் பதியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடிசனின் வெளிச்சம்

ஓக் ட்றீ றோட்டிலிருந்து கொஞ்ச நேரக் கார் ஓட்டத்தில் மென்லோ பார்க். 1876ல் தோமஸ் அல்வா எடிசன் இங்கே ஆய்வுகூடம் கட்டினார். நியூயோர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் போகிற ரெயில் பாதை பக்கத்தில் ஓடியது, காணி மலிவு. இந்த இரண்டும் போதும். 1877ல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கும் போனோகிராப்பும், 1879ல் நீண்ட நேரம் எரிகிற மின்குமிழும் இங்கேதான் பிறந்தன. 1879ம் ஆண்டுக் கடைசி இரவு சனம் விசேட ரெயில்களில் வந்து இந்த வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தது. றாரிற்றன் என்ற பெயரில் இருந்த ரவுன்ஷிப் 1954ல் எடிசன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1938ல் கட்டிய நினைவுக் கோபுரம் கிறிஸ்ரி வீதியில் நிற்கிறது. உச்சியில் பெரிய மின்குமிழ். பிள்ளைகளை மோலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் ஒரு நாளை இதுக்கு ஒதுக்குங்கோ.

குப்பி விளக்கில் படித்து ஏ.எல். எடுத்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! 90ம் ஆண்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துத் துளி எண்ணெயில் எரித்த தலைமுறை எங்கட அண்ணாமார், அக்காமாருடையது. அவர்களில் சிலர் இன்று மின்குமிழ் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கி இருக்கிறார்கள்.

களிமண்ணும் செங்கல்லும்

19ம் நூற்றாண்டில் வூட்பிரிட்ஜ் பகுதியின் முதல் பெரிய தொழில் களிமண்தான். இங்கத்தை களி கடும் சூட்டைத் தாங்கும். அதனால் உலைக்கு வேண்டிய நெருப்புச் செங்கல் செய்தார்கள். பேர்த் அம்போயில் கட்டிட அலங்காரத்துக்கான சுட்டமண் வேலை பெயர்போனது. 1913ல் திறக்கப்பட்டபோது உலகத்திலேயே உயரமாய் இருந்த நியூயோர்க் வூல்வேர்த் கட்டிடத்தின் சுட்டமண் முகப்பைச் செய்த அற்லான்ரிக் கொம்பனி இந்தப் பக்கத்தில் வேலைத்தளம் வைத்திருந்தது. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையைக் கண்டவர்களுக்கு இந்த வேலையின் தூசியும் சூடும் தெரியும்.

இந்தக் குழிகளில் மண் வெட்டினவர்கள் ஆர்? ஐரிஷ்காரர், டென்மார்க்காரர், ஹங்கேரியர், போலந்துக்காரர், இத்தாலியர். அந்தக் காலத்து அகதிகளும் ஏழைகளும் அவர்கள்தான். இங்கிலிஷ் தெரியாது, சாப்பாடு வேறு, சாமி கும்பிடுகிற முறை வேறு என்று அவர்களையும் பழித்தார்கள். அவர்கள் கட்டின தேவாலயங்களும் மண்டபங்களும் போர்ட்ஸ், வூட்பிரிட்ஜ், பேர்த் அம்போய்ப் பக்கம் இன்றும் இருக்கின்றன. களிமண் குழிகள் ஓய்ந்த பிறகு அந்தக் காணியில் 1971ல் வூட்பிரிட்ஜ் சென்ரர் மோல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டிடத்துக்குள் நடக்கேக்குள்ள நாங்கள் மண் வெட்டின குழிக்கு மேலே நடக்கிறோம்.

ரெயிலும் றோட்டும்

ஐசலினின் பொருளாதாரத்தை ஒரு சொல்லில் சொல்லச் சொன்னால் போக்குவரத்து என்று சொல்வேன். படத்தை விரித்துப் பாருங்கோ. வடகிழக்கு ரெயில் பாதை, கார்டன் ஸ்ரேற் பார்க்வே, நியூ ஜேர்சி ரேண்பைக், றூட் 1, றூட் 9, றூட் 27 எல்லாம் இந்தச் சின்ன இடத்தைச் சுற்றி ஒன்றையொன்று வெட்டுகின்றன. றூட் 27 பழைய லிங்கன் ஹைவே. 1913ல் நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கென்று வகுத்த றோட் அது. அமெரிக்காவின் முதல் நாலிலைக் கிளோவர் வடிவச் சந்தி 1929ல் வூட்பிரிட்ஜில் திறக்கப்பட்டது. எந்தப் பக்கத்தாலும் சிக்னலில் நிற்காமல் திரும்பலாம் என்பது அப்ப பெரிய புதுமை.

இந்த வசதிக்குக் கொடுத்த விலையும் உண்டு. 1951ம் ஆண்டு பெப்ரவரி 6ந் திகதி, ரேண்பைக் கட்டுவதற்காக ரெயில் பாதையைத் தற்காலிகப் பாலமொன்றுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். மணிக்கு 25 மைல் வேகத்தில் வரவேண்டிய இடத்தில் அதைவிட எத்தனையோ வேகமாய் வந்த 'புறோக்கர்' என்ற ரெயில் தடம்புரண்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 85 பேர் வூட்பிரிட்ஜில் இறந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தற்காலிகப் பாதை பாவனைக்கு விடப்பட்டிருந்தது.

1969ல் நியூயோர்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் மெற்றோலைனர் என்ற கடுகதி ரெயில் தொடங்கியது. காரை நிறுத்திவிட்டு அதில் ஏற ஓர் இடம் தேவைப்பட்டது. பார்க்வேயும் ரெயில் பாதையும் சந்திக்கிற ஐசலினைத் தெரிந்தெடுத்து 1971 நவம்பரில் மெற்றோபார்க் ஸ்ரேசனைத் திறந்தார்கள். பழைய சின்ன ஐசலின் ஸ்ரேசன் மூடப்பட்டது. அதுக்குப் பிறகுதான் வுட் அவெனியூவில் மாடி மாடியாய் ஒபிஸ்கள் எழும்பின.

நான் பிறந்து வளர்ந்த காலத்தில் கொடிகாமத்துக்கு ரெயிலே இல்லை. 1990ல் யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது. ஸ்ரேசன் இருந்த இடத்தில் பற்றைக்காடு. பெரியவர்கள் யாழ்தேவியைப் பற்றிக் கதைக்க நாங்கள் கதை கேட்கிற மாதிரிக் கேட்போம். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரெயில் ஓடியபோது நான் இங்கே. ஒரு ரெயில் பாதை ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்பதை அது இருக்கிற இடத்திலும் பார்த்தேன், இல்லாத இடத்திலும் பார்த்தேன்.

தொழிலும் தொழிலாளரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது தொழிற்சாலைப் பூமி. 1948ல் எடிசனில் போர்ட் கொம்பனி கார் பொருத்துகிற பக்டறியைத் திறந்தது. மஸ்ராங், பின்ரோ, எஸ்கோர்ட் கார்களும் கடைசியில் றேஞ்சர் பிக்கப்பும் அங்கே செய்யப்பட்டன. தொழிற்சங்கம் இருந்தது, ஒரு ஆளின் சம்பளத்தில் வீடு வாங்கக்கூடிய வேலை. 2004 பெப்ரவரியில் அதை மூடினார்கள். அடுத்த வருசம் பக்கத்து லிண்டனில் ஜெனரல் மோட்டோர்ஸ் பக்டறியும் மூடப்பட்டது. போர்ட் காணியில் இப்ப கோல்ப் பந்தடிக்கிற பொழுதுபோக்கு இடமும் கடைகளும் இருக்கின்றன. 1990ல் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை நின்றதும், போரோடு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை பாழானதும் எங்களுக்குத் தெரியும். அங்கே குண்டு மூடியது, இங்கே கணக்கு மூடியது. வேலை இழந்த குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஐசலினில் தலைமையகம் வைத்திருந்த எங்கல்ஹார்ட் கொம்பனியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேணும். கார்ப் புகையின் நஞ்சைக் குறைக்கிற மும்முனை வினையூக்கிக் கருவியை 1970களில் உருவாக்கியது இந்தக் கொம்பனியின் விஞ்ஞானிகள்தான். இன்று உலகமெங்கும் பெற்றோல் கார்களின் புகைக்குழாயில் அந்த வகைக் கருவி இருக்கிறது. 2006ல் ஜேர்மனியின் பாஸ்வ் கொம்பனி சுமார் 500 கோடி டொலருக்கு எங்கல்ஹார்ட்டை வாங்கியது. இன்னொரு சங்கதி. இலங்கையில் பியகம வர்த்தக வலயத்தில் இறப்பர் கையுறை செய்கிற அன்செல் கொம்பனியும் அதே வுட் அவெனியூவில் ஒபிஸ் வைத்தது. எங்கட நாட்டு இறப்பரில் எங்கட நாட்டுப் பெண்கள் செய்கிற கையுறையின் கணக்கு ஐசலினில் எழுதப்பட்டது.

இப்ப எங்களுக்கு வேலை தருவது பெரும்பாலும் வெயார்ஹவுஸ். இதுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1956ம் ஆண்டு ஏப்ரில் 26ந் திகதி, மல்கம் மக்லீன் என்பவரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்ரனுக்குப் போனது. கொன்ரெய்னர் யுகம் தொடங்கியது அன்றைக்குத்தான். கப்பலில் வந்த பெட்டியை லொறியில் ஏற்றி ரேண்பைக்கால் கொண்டுவந்து பிரிக்க இடம் வேணும். எடிசனில் 1917ல் தொடங்கி 1960களில் மூடப்பட்ட றாரிற்றன் ஆயுதக் களஞ்சியத்தின் பரந்த காணி அதுக்கு வாய்த்தது. அதுதான் இன்றைய றாரிற்றன் சென்ரர். முன்னர் குண்டு அடுக்கின இடத்தில் இப்ப நாங்கள் பெட்டி அடுக்குகிறோம். 2020ல் கொரோனா வந்து மெற்றோபார்க் ஒபிஸ்காரரெல்லாம் வீட்டிலிருந்து வேலை செய்ய, நாங்கள் "அத்தியாவசியத் தொழிலாளர்" என்ற பெயரில் முகமூடியோடு வேலைக்குப் போனோம். அந்த மாதங்களில் எங்கட லைனில் நின்ற இரண்டு பேர் திரும்ப வரவில்லை.

புதிதாய் வருகிறவர்கள் முதலில் போவது ரெம்ப் ஏஜென்சிக்கு. விடிய 4 மணிக்கு வானில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நானும் இரண்டு வருசம் அப்படிப் போனவன். நான் போன ஏஜென்சி வான் காசைச் சம்பளத்தில் வெட்டியது. பக்கத்தில் நின்று அதே வேலை செய்த கொம்பனி ஆளுக்கு மணித்தியாலத்துக்கு எங்களைவிடக் கூட. 2023 பெப்ரவரியில் கையெழுத்தாகி அதே வருசம் ஓகஸ்டில் முழுதாய் நடைமுறைக்கு வந்த தற்காலிகத் தொழிலாளர் உரிமைச் சட்டம் இதையெல்லாம் தடை செய்கிறது. வான் காசு வெட்டக்கூடாது. ஒரே வேலைக்குக் கொம்பனி ஆளுக்கு உள்ள சம்பளத்துக்குக் குறையக்கூடாது. வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு என்று தொழிலாளிக்கு விளங்குகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேணும். பெரும்பாலான தொழிலாளருக்கு நியூ ஜேர்சியின் குறைந்த சம்பளம் 2024 சனவரியில் மணிக்கு 15.13 டொலராக வந்தது. அதுக்குப் பிறகும் வருசா வருசம் ஏறுகிறது. சம்பளத் துண்டை எறியாமல் வைத்திருங்கோ. அந்தத் துண்டுதான் சாட்சி.

ஓக் ட்றீ றோட்

1965ம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசியாவுக்குக் கதவைத் திறந்தது. முதலில் டொக்டர், எஞ்சினியர்மார் வந்தார்கள். பிறகு அவர்களின் சொந்தங்கள் வந்து கடை போட்டார்கள். நியூ ஜேர்சியில் இந்தியக் கடைத்தெரு முதலில் வளர்ந்தது ஜேர்சி சிற்றியில். 1987ல் அங்கே பொட்டு வைத்தவர்களைத் துரத்துவோம் என்று சொல்லி ஒரு கும்பல் கிளம்பியது. அந்த வருசம் செப்ரெம்பர் 27ந் திகதி ஹொபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற வங்கி அதிகாரியை இளைஞர்கள் சிலர் அடித்தார்கள். நாலு நாளில் அவர் இறந்தார். 83 யூலையில் கொழும்பில் பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறின எங்கட தாய்மார் இந்தக் கதையைக் கேட்டால் வேறு விளக்கம் தேவையில்லை. இப்படியான குற்றங்களுக்குக் கூடிய தண்டனை தரும் சட்டம் 1990ல் நியூ ஜேர்சியில் வந்தது.

80களின் கடைசியிலும் 90களிலும் ஓக் ட்றீ றோட்டில் வெறுமையாய்க் கிடந்த கடைகளைப் பெரும்பாலும் குஜராத்திக்காரர் எடுத்து, பலசரக்கு, சேலை, நகை, இனிப்பு என்று ஒவ்வொன்றாய்த் திறந்தார்கள். எச்-1பி விசா எண்ணிக்கை 1999ல் 115,000 ஆகவும் 2001ல் 195,000 ஆகவும் கூட்டப்பட, கொம்பியூட்டர் வேலைக்கு வந்த தமிழ்நாட்டு, ஆந்திரக் குடும்பங்கள் மெற்றோபார்க்கில் ரெயில் எடுக்க வசதியாய் இங்கே குடியேறினார்கள். இட்டலி, தோசைக் கடைகள் வந்தன. யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியைப் போல நகைக்கடை வரிசை; தீபாவளி நேரம் கார் நிறுத்த இடம் கிடையாது. எடிசன் ரவுன்ஷிப்பில் 2022 சனவரியில் முதல் இந்திய வம்சாவளி மேயராக சாம் ஜோஷி பதவியேற்றார்.

எல்லாம் நல்லதென்று சொல்ல வரவில்லை. 2022 ஓகஸ்டில் இந்திய சுதந்திரதின ஊர்வலத்தில் ஒரு புல்டோசரைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் முஸ்லிம்களின் வீடுகளை இடித்ததன் அடையாளம் அது. பெரிய கண்டனம் எழுந்து, ஒழுங்கு செய்த வர்த்தக சங்கம் மன்னிப்புக் கேட்டது. வீடு இடிபட்ட சனம் நாங்கள். சொந்தச் சனத்தின் துன்பத்துக்கு அழுகிறவன் மற்றச் சனத்தின் துன்பத்துக்குக் கைதட்டக்கூடாது.

எங்கட ஊர்ச் சாமானுக்கு ஓக் ட்றீ முழுதாய்ப் போதாது. சிவப்பு அரிசி மா, கருவாடு, எங்கட கறித்தூள் என்று தேடினால் 1928ல் திறந்த அவுற்றர்பிறிட்ஜ் பாலத்தைக் கடந்து ஸ்ரற்றன் ஐலண்டுக்குப் போக வேணும். ரொம்ப்கின்ஸ்வில்லில் விக்ரோரியா அல்ல, விக்ரறி புலிவார்ட்டில் இலங்கைக் கடைகள் இருக்கின்றன. சிங்களவரும் தமிழரும் ஒரே கடையில் வரிசையில் நின்று கொத்துரொட்டி வாங்குவதை அங்கே காணலாம்.

இரண்டு வரவேற்புகள்

கடைசியாய் அகதிகளின் கதை. ஐசலினிலிருந்து சில மைல் தூரத்தில், எடிசன், பிஸ்கற்றவே எல்லையில் கேம்ப் கில்மர் என்ற இராணுவ முகாம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போன படையினரை அனுப்பிய இடம். 1956 நவம்பரில் ஹங்கேரியில் சோவியத் ராங்கிகள் இறங்க, தப்பி வந்த அகதிகளுக்காக அந்த முகாமைத் திறந்தார்கள். அடுத்த சில மாதங்களில் சுமார் 30,000 ஹங்கேரியர் அதன் வழியாய் வந்தார்கள். கட்டில், சாப்பாடு, உடுப்பு, வேலை தேடிக் கொடுக்க ஆட்கள் எல்லாம் இருந்தது. தற்காலிக அனுமதியில் வந்த அவர்களுக்கு 1958ல் ஒரு சட்டம் நிரந்தர வதிவிடம் கொடுத்தது.

இதே பக்கத்தில் இன்னொரு வரவேற்பும் உண்டு. 1994ல் எலிசபெத் நகரில் ஒரு வெயார்ஹவுஸைத் தடுப்பு முகாமாக்கினார்கள். விமான நிலையத்தில் இறங்கி அகதி என்று சொன்னவர்களை அங்கே அடைத்தார்கள். 1995ம் ஆண்டு யூன் 18ந் திகதி உள்ளே கலகம் வெடித்தது. நடத்தின கொம்பனியின் நிர்வாகம் மோசம் என்று அரசின் சொந்த விசாரணையே சொன்னது. மூடி, 1997ல் வேறு கொம்பனியின் கையில் திரும்பத் திறந்தார்கள். 2025ல் நியூவார்க்கில் சுமார் 1,000 கட்டிலோடு டெலனி ஹோல் தடுப்பு முகாமும் திறக்கப்பட்டது. அதே வருசம் சனவரியில் வெளிநாட்டிலிருந்து அகதிகளை எடுக்கும் திட்டமும் இடைநிறுத்தப்பட்டது. நாடு ஒன்று, கவுண்டிகள் பக்கத்துப் பக்கத்தில், அகதியும் அகதிதான். மாறினது கதவைத் திறக்கிறவரின் மனம்.

எங்கட சனம் இங்கே வந்தது இரண்டு விதமாய். 70களில் வந்த டொக்டர், எஞ்சினியர்மார் 1977ல் அமெரிக்காவில் இலங்கைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 83க்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அமெரிக்கா ஒரு மடம் மாதிரி. பவலோ வழியாய்க் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சினவர்கள்தான் நாங்கள். அதனால்தான் ரொறன்ரோவில் தெருத் தெருவாய் இருக்கிற எங்கட கடையும் கோயிலும் இங்கே இல்லை. ஆட்கள் குறைவு, ஆனால் ஆளை ஆள் தெரியும்.

வழக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு மாறினால் குடிவரவு நீதிமன்றத்துக்கு 5 நாளுக்குள்ளும், குடிவரவுத் திணைக்களத்துக்கு 10 நாளுக்குள்ளும் புது முகவரியை அறிவியுங்கோ. கடிதம் பழைய வீட்டுக்குப் போய், விசாரணைக்குப் போகாமல் விட்டால், ஆள் இல்லாமலே நாடுகடத்தும் கட்டளை எழுதப்படும். புதிதாய் வந்தவர்கள் ஒரு வருசத்துக்குள் அகதி விண்ணப்பம் போட வேணும். ஊர்ப் பேச்சைக் கேட்காமல் சட்டத்தரணியைக் கேளுங்கோ.

இனி நாங்கள்

களிமண் முடிந்தது, கார் பக்டறி முடிந்தது, ஒபிஸ்களில் பாதி ஆட்களில்லை. வெயார்ஹவுஸிலும் மெசின் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ரெயிலும் றோட்டும் துறைமுகமும் இருக்கும்வரை இந்த இடத்துக்கு ஏதோவொரு தொழில் வரும் என்றுதான் சரித்திரம் காட்டுகிறது. அதுக்கு எங்கட பிள்ளைகள் ஆயத்தமாய் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. மிடில்செக்ஸ் கல்லூரி அந்தப் பழைய ஆயுதக் களஞ்சியக் காணியில்தான் நிற்கிறது. என்னைப் போல ஏ.எல்.லோடு நின்ற ஆட்களுக்கும் அங்கே மாலை வகுப்பு உண்டு. விசாரித்துப் பாருங்கோ.

ஹங்கேரியரும் டென்மார்க்காரரும் தங்கட மண்டபத்தைக் கட்டி, தங்கட கதையை எழுதி வைத்தபடியால்தான் அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்று எனக்கு இன்று தெரிகிறது. எங்கட சனம் ஐசலினுக்கு முதலில் எந்த வருசம் வந்தது, முதல் வீடு எந்த வீதியில், முதல் தமிழ் வகுப்பு ஆருடைய பேஸ்மென்ரில் என்பது இன்னும் பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. அடுத்த மலருக்கு அதை எழுதித் தரும்படி மூத்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத நேரமில்லாதவர்கள் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எழுதி எடுக்க நான் தயார்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.